வீட்டுப் பட்டறைக்கு எத்தனை பிளக் பாயிண்ட் வேண்டும், எங்கே வேண்டும்?

வீட்டைவிட்டுத் தனியாக நிற்கும் கார் ஷெட்டை மரவேலைப் பட்டறையாக மாற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், வீட்டு மெயின் போர்டிலிருந்து 25 மீட்டர் தூரம். டேபிள் சா (மேசை ரம்பம்), 2 குதிரைத்திறன் கம்ப்ரசர், நிலையாக நிற்கும் டிரில்லிங் மெஷின், ஆங்கிள் கிரைண்டர், மரத்தூள் உறிஞ்ச ஒரு வேக்குவம் ஆகியவை இருக்கின்றன. பின்னால் ஒரு சின்ன வெல்டிங் மெஷின் வாங்கும் யோசனையும் உண்டு. எலக்ட்ரீஷியன் "சுவருக்கு ஒன்றாக நாலு பாயிண்ட் போதும்" என்கிறார். போதுமா, போதாதென்றால் எத்தனை, எங்கே, என்ன ஒயர் என்று கேட்கிறீர்கள்.

நாலு போதாது. ஆனால் எண்ணிக்கையில் ஆரம்பித்தாலே கணக்கு தப்பிவிடும். இருபது பாயிண்ட் வைத்து அத்தனையையும் ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) கோத்துவிட்டால், டேபிள் சாவும் வேக்குவமும் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசர் கிளம்பிய மாத்திரத்தில் மொத்தமும் அணைந்துவிடும். முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்த மெஷின் ஒரே நேரத்தில் ஓடும் என்பது. அது தெரிந்தால் எத்தனை சர்க்யூட், அதாவது தனி எம்.சி.பி. உள்ள எத்தனை லைன் என்று தெரியும். அடுத்து, மெஷின் எங்கே நிற்கும், அதன் ஒயர் எந்தப் பக்கமாக வரும் என்பது. அது தெரிந்தால் பாயிண்ட் எங்கே என்று தெரியும். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எண்ணிக்கை தானாக வந்து நிற்கும்.

நான் 230 வோல்ட் என்று வைத்துக் கணக்குச் சொல்கிறேன். 120 வோல்ட் உள்ள நாட்டில் இதைப் படிப்பவர்கள் ஆம்பியரை ஏறக்குறைய இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும், ஒயரும் அதற்கேற்ற தடிமனில் வேண்டும். இன்னொன்று, விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். நான் சொல்லும் அளவைவிட உங்கள் ஊர் விதி கூடுதலாகக் கேட்டால், விதி சொல்வதையே செய்யுங்கள்.

ஒவ்வொரு மெஷினிலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். வாட் மட்டும் போட்டிருந்தால் 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 1800 வாட் டேபிள் சா சுமார் 8 ஆம்பியர். 1200 வாட் வேக்குவம் 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. கம்ப்ரசர் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. குதிரைத்திறன் என்பது மோட்டார் வெளியே தரும் வேலையின் அளவு, உள்ளே இழுக்கும் மின்சாரத்தின் அளவு அல்ல. ஒரு குதிரைத்திறன் 746 வாட், அப்படியானால் 2 குதிரைத்திறன் கிட்டத்தட்ட 1500 வாட். ஆனால் மோட்டாருக்குள் வெப்பமாக வீணாவதையும், இழுக்கும் கரண்ட் முழுவதும் வேலையாக மாறாத குறையையும் (பவர் ஃபேக்டர்) சேர்த்தால் ஒற்றை ஃபேஸில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். அதுவும் ஓடும்போது. கிளம்பும் நேரத்தில் ஒரு கணத்துக்கு அதன் ஐந்து முதல் ஏழு மடங்கு, அதாவது 50 முதல் 70 ஆம்பியர் வரை போகும். டிரில்லிங் மெஷின் 3 ஆம்பியருக்குள் அடங்கும். லைட், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒன்றரை ஆம்பியர் என்று வையுங்கள்.

இப்போது மோசமான கட்டத்தை யோசிப்போம். நீங்கள் ஒருவர்தான் வேலை செய்யப் போகிறீர்கள். மரம் அறுக்கும்போது டேபிள் சா ஓடும், கூடவே வேக்குவம் கட்டாயம் ஓடும், லைட் எரியும். அந்த நேரம் பார்த்துத் தொட்டியில் அழுத்தம் குறைந்து கம்ப்ரசர் தானாகக் கிளம்பும். 8, 5, 10, ஒன்றரை எல்லாம் சேர்த்து 25 ஆம்பியர். டிரில்லிங் மெஷினும் கிரைண்டரும் அந்த நேரத்தில் சும்மா இருக்கும், ஏனென்றால் உங்கள் கை டேபிள் சாவில் இருக்கிறது. ஒரே ஆள் வேலை செய்யும் பட்டறையிலும், எல்லா எம்.சி.பி.யின் ஆம்பியரையும் கூட்டினால் நூறைத் தாண்டும். அதைப் பார்த்து மிரண்டு வீட்டிலிருந்து அதற்கேற்ற பெரிய கேபிள் இழுக்கத் தேவையில்லை. நிஜமாக ஒரே நேரத்தில் வரும் லோடு இந்த 25தான். வீட்டிலிருந்து 32 ஆம்பியர் லைன் வந்தால் தாராளம். ஆனால் நாளைக்கு இன்னொருவரும் கூட நின்று வேலை செய்வார் என்றால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

அந்த 25 மீட்டர் கேபிளில்தான் பலர் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். செம்புக் கேபிளில் வோல்டேஜ் எவ்வளவு விழும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. போக வர இரண்டு கம்பியையும் சேர்த்து, ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு, 2.5 சதுர மி.மீ. ஒயரில் 18 மில்லிவோல்ட், 4இல் 11, 6இல் 7.3, 10இல் 4.4 விழும். 6 சதுர மி.மீ. கேபிளில் 25 ஆம்பியர் 25 மீட்டர் போனால் சுமார் நாலரை வோல்ட் குறையும், அதாவது 2 சதவீதம். நல்லது. ஆனால் சாவும் வேக்குவமும் ஓடும்போது கம்ப்ரசர் கிளம்பும் அந்தக் கணத்தைப் பாருங்கள். மொத்தம் 65 ஆம்பியர் என்று வைத்தால் அதே கேபிளில் 12 வோல்ட் விழும். வீட்டுக்கு வரும் வோல்டேஜே குறைவாக இருக்கிற மாலை நேரத்தில் இந்த 12 வோல்ட்தான் கம்ப்ரசர் கிளம்புவதா, உறுமிக்கொண்டே நின்று சூடாவதா என்பதைத் தீர்மானிக்கும். 10 சதுர மி.மீ. போட்டால் அது 7 வோல்ட்டாகக் குறைகிறது. மொத்த இழப்பு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள பொது அளவு. பட்டறைக்குள்ளும் கொஞ்சம் ஒயர் ஓடும் என்பதால் வரும் வழியிலேயே அத்தனையையும் தின்றுவிடக் கூடாது. வெல்டிங் மெஷின் நிச்சயம் என்றால் 10 சதுர மி.மீ. போடுங்கள். இல்லையென்றால் 6 போதும். 4 வேண்டாம். மண்ணுக்குள் போவதால் உலோகக் கவசமுள்ள ஆர்மர்டு கேபிளாக இருக்கட்டும், 60 செ.மீ. ஆழமாவது தோண்டுங்கள், கேபிளுக்கு மேலே ஒரு எச்சரிக்கை நாடாவும் போட்டு மூடுங்கள். பின்னால் செடி நட யாரோ கடப்பாரை போடும்போது அதுதான் கையைக் காப்பாற்றும்.

பள்ளம் தோண்டுகிற அன்றே, கேபிளோடு கூட ஒரு காலிப் பைப்பையும் உள்ளே ஒரு நைலான் கயிற்றோடு போட்டுவிடுங்கள். ஷெட்டில் என்றைக்காவது மின்சாரக் கார் நிற்கலாம். வீட்டில் வைக்கும் ஒற்றை ஃபேஸ் சார்ஜர்களில் பல 32 ஆம்பியர், 7.4 கிலோவாட் வகை. அதைப் பட்டறை லைனோடு சேர்த்து ஓட்ட முடியாது, தனி கேபிள் வேண்டும். காலிப் பைப் இருந்தால் இழுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மறுபடியும் பள்ளம்.

பட்டறைக்குள் வந்ததும் எம்.சி.பி.க்கள் மாட்டும் பெட்டி, அதாவது ஒரு டி.பி., தனியாக வையுங்கள். 12 வழி உள்ள பெட்டி நல்லது, பின்னால் சொல்லப்போகும் ஆர்.சி.பி.ஓ.க்களில் (கசிவுக் காப்பும் சேர்ந்த எம்.சி.பி.) சில வகை இரண்டு வழி இடம் பிடிக்கும் என்பதால் எண்ணிப் பார்த்து வாங்குங்கள், மூன்று நாலு வழி காலியாக இருக்கட்டும். அதில் நான் பிரிக்கும் முறை இது.

லைட்டும் ஃபேனும் தனி சர்க்யூட், 1.5 சதுர மி.மீ. ஒயர், 6 ஆம்பியர் எம்.சி.பி. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எத்தனையோ பட்டறைகளில் லைட்டைப் பக்கத்து பிளக் பாயிண்டிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். ராத்திரி எட்டு மணி, பலகை பாதி அறுபட்டிருக்கிறது, லோடு தாங்காமல் எம்.சி.பி. விழுகிறது. மோட்டாருக்குக் கரண்ட் நின்றாலும் பிளேடு உடனே நிற்காது, இன்னும் சில வினாடி சுற்றும். அந்த நேரம் இருட்டு. உங்கள் இரண்டு கையும் பிளேடுக்குப் பக்கத்தில். ஒரு எம்.சி.பி.யும் ஒரு சுருள் ஒயரும் கூடுதலாக வாங்கினால் தவிர்க்கக்கூடிய ஆபத்து இது. முடிந்தால் கரண்ட் போனதும் தானாக எரியும் பேட்டரி லைட் ஒன்றையும் சாவுக்கு மேலே மாட்டிவையுங்கள்.

லைட்டைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சோக் வைத்த டியூப் லைட் 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 100 தடவை மின்னும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுற்றும் பிளேடின் வேகமும் அந்த மின்னலும் ஒத்துப்போகும்போது பிளேடு நின்றுவிட்டது போலவோ மெல்லச் சுற்றுவது போலவோ தோன்றும். மலிவான எல்.இ.டி. சிலவற்றிலும் இதே மின்னல் உண்டு. மின்னாத டிரைவர் உள்ள லைட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

வேலை மேசைப் பாயிண்ட்களுக்கு ஒரு சர்க்யூட், டேபிள் சாவுக்கு ஒன்று, வேக்குவத்துக்கும் எதிர்ச் சுவர்ப் பாயிண்ட்களுக்கும் ஒன்று, கம்ப்ரசருக்கு ஒன்று. நாலும் 2.5 சதுர மி.மீ. ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. சாவையும் வேக்குவத்தையும் ஏன் பிரிக்கிறேன் என்றால், இரண்டும் எப்போதும் ஜோடியாகவே ஓடும். 8, 5 சேர்த்து 13 ஆம்பியர்தானே, ஒரே லைனில் அடங்கிவிடுமே என்று தோன்றும். ஈரமான கட்டையை அறுக்கும்போது, பிளேடு மழுங்கியிருக்கும்போது, சா 8 ஆம்பியரோடு நிற்காது. நாளைக்கு வேக்குவத்தை மாற்றிப் பெரிய தூள் உறிஞ்சியாக வாங்கினாலும் இடம் இருக்கும். வெல்டிங் மெஷினுக்கு இப்போதைக்குப் பைப்பும் பெட்டியும் மட்டும் போட்டுவைத்து, வாங்கும்போது 6 சதுர மி.மீ. ஒயர் இழுத்து 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் மாட்டிக்கொள்ளுங்கள். சின்ன இன்வெர்ட்டர் மெஷினில் 2.5 மி.மீ. ராடு ஓட்டும் வரை 16 ஆம்பியர் பாயிண்டே பெரும்பாலும் தாங்கிவிடும், 3.15 மி.மீ. ராடுக்குப் போனால் 20 ஆம்பியரைத் தாண்டப் பார்க்கும். வெல்டிங் நடக்கும்போது மர மெஷின் எதுவும் ஓடக் கூடாது என்பதால் மெயின் லைன் கணக்கில் இதைக் கூட்ட வேண்டியதில்லை. தூள் பறக்கும் அறையில் தீப்பொறி பறக்க விடாதீர்கள். வெல்டிங் பாயிண்டைக் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள், வேலையை வெளியில் செய்யலாம்.

எம்.சி.பி. வாங்கும்போது ஆம்பியர் மட்டும் சொல்லி வாங்காதீர்கள், அதில் பி, சி, டி என்று வகை உண்டு. பி வகை, தன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு கரண்ட் பாய்ந்தால் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில், டி வகை 10 முதல் 20 மடங்கில். உங்கள் கம்ப்ரசர் கிளம்பும்போது 50 முதல் 70 ஆம்பியர் என்று பார்த்தோம். 16 ஆம்பியர் பி வகை 48லிருந்து 80க்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம், அதனால் காரணமே இல்லாமல் அடிக்கடி விழுவது போலத் தெரியும். அதே 16 ஆம்பியரில் சி வகை 80க்குக் கீழே உடனடியாக விழாது. மோட்டார் ஓடும் சர்க்யூட் எல்லாவற்றுக்கும் சி போடுங்கள். "அடிக்கடி விழுகிறது, 25 ஆம்பியராக மாற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எம்.சி.பி. காப்பது மெஷினை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. 2.5 ஒயருக்கு முன்னால் அது தாங்காத எம்.சி.பி.யை வைத்தால், எம்.சி.பி. விழுவதற்கு முன் ஒயர் வெந்துபோகும்.

ஆளைக் காப்பது வேறு கருவி, கரண்ட் கசிந்தால் உடனே விழும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கிரைண்டர் தன் ஒயரையே அறுத்துக்கொள்வதும், ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று மெஷினைத் தொடுவதும் பட்டறையில் நடக்கக்கூடியவைதான். அப்போது உடம்பு வழியாகக் கசியும் கரண்ட் எம்.சி.பி.யை அசைக்கக்கூட அசைக்காது. ஒரே ஆர்.சி.சி.பி. வைத்து மொத்தப் பட்டறைக்கும் கொடுத்தால், எங்கே கசிந்தாலும் லைட்டும் சேர்ந்து போகும். அதனால் கையில் கொஞ்சம் காசிருந்தால் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ.வை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் வையுங்கள். ஸாஃப்ட் ஸ்டார்ட், ஸ்பீடு கன்ட்ரோல், இன்வெர்ட்டர் வெல்டிங் என்று எலக்ட்ரானிக்ஸ் உள்ள மெஷின்கள் இருப்பதால் ஆர்.சி.பி.ஓ.வில் ஏ.சி. வகை வேண்டாம், ஏ வகையாகக் கேளுங்கள். வீட்டு மெயின் போர்டில் இந்த லைனுக்கு இன்னொரு ஆர்.சி.சி.பி. இருந்தால் அதுவும் 30ஆக இருக்கக் கூடாது. தாமதமாக விழும் எஸ் வகை, 100 அல்லது 300 மில்லிஆம்பியர் வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையில் கசிவு வந்தால் வீட்டில் விழும், நீங்கள் ஒவ்வொரு தடவையும் 25 மீட்டர் நடக்க வேண்டும். ஒவ்வொரு ஆர்.சி.பி.ஓ.வுக்கும் அதன் நியூட்ரல் தனியாக வர வேண்டும் என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவையுங்கள். இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை ஜங்ஷன் பாக்ஸில் சேர்த்து முறுக்கிவிட்டால் ஒன்றில் மெஷின் போட்டதும் இரண்டுமே விழும், காரணம் தேடியே ஒரு நாள் போய்விடும்.

எர்த் இல்லாமல் ஒரு பாயிண்ட்டும் வேண்டாம். தனிக் கட்டடம் என்பதால் அங்கேயே எர்த் ராடு அடிக்க வேண்டுமா, வீட்டு எர்த்தைக் கேபிளோடு கொண்டுவந்தால் போதுமா என்பது உங்கள் ஊர் மின்வாரியம் எர்த்தை எப்படித் தருகிறது என்பதைப் பொறுத்தது. இதை இங்கிருந்து நான் முடிவு செய்து சொல்வது சரியாக இருக்காது, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

சரி, இடத்துக்கு வருவோம். இதற்கு என்னிடம் உள்ள வழி சாக்பீஸ். ஷெட்டைக் காலி செய்துவிட்டுத் தரையில் ஒவ்வொரு மெஷினையும் அதன் உண்மை அளவில் வரையுங்கள். டேபிள் சாவுக்கு முன்னும் பின்னும் பலகை நீளத்துக்கு இடம் விட்டு வரையுங்கள். 2440 மி.மீ. பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க முன்னால் இரண்டரை மீட்டரும் பின்னால் அதே அளவும் வேண்டும், உங்கள் 6 மீட்டர் நீளத்தில் சாவை நடுவில் போட்டால்தான் அது நடக்கும். அப்புறம் கையில் ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு சாவிலிருந்து சுவருக்கு நடந்துபோங்கள். உங்கள் கால் நடக்கும் பாதையை அந்த ஒயர் குறுக்கே வெட்டுகிறதா? வெட்டும். நடுவில் நிற்கும் மெஷினுக்குச் சுவரிலிருந்து கரண்ட் எடுத்தால் எப்போதும் வெட்டும். அதற்கு வழி இரண்டு. தரை இன்னும் போடவில்லை என்றால் தரைக்கு அடியில் பைப் கொண்டுபோய் சாவின் காலடியில் ஒரு மூடியுள்ள பாயிண்ட். தரை போட்டாகிவிட்டது என்றால் கூரையிலிருந்து தொங்கும் பாயிண்ட். கூரையிலேயே சாக்கெட்டை மாட்டி, சாவின் ஒயரை மேலே ஏற்றி ஒரு சங்கிலியோடு கட்டி இறக்கலாம். பாரம் சங்கிலியில் நிற்க வேண்டும், பிளக்கில் தொங்கக் கூடாது. தொங்கும் இடம் பலகை போகும் பாதைக்கு நேர் மேலே இல்லாமல் சாவின் பக்கவாட்டில் இருக்கட்டும்.

சுருளாகச் சுற்றிக்கொள்ளும் ரீல் ஒயரைக் கூரையில் மாட்டுவது கை மெஷின்களுக்கு நல்லது. அதில் இரண்டு வாட் அளவு அச்சிட்டிருக்கும், முழுக்க இழுத்துவிட்டால் ஒன்று, சுற்றியபடியே இருந்தால் அதைவிட வெகு குறைவாக இன்னொன்று. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை என்பதுதான் காரணம். கனமான மெஷின் போடும்போது முழுக்க இழுத்துவிட்டே போடுங்கள்.

சுவரில் உயரம் முக்கியம். வழக்கமாக வீட்டில் வைப்பது போல் தரையிலிருந்து ஒரு அடியில் வைத்தால் பட்டறையில் அது ஒரு வாரத்தில் காணாமல் போய்விடும். முன்னால் பலகை, தகரம், பெயிண்ட் டப்பா என்று ஏதாவது வந்து நிற்கும். 1220 மி.மீ. அகலப் பிளைவுட்டைச் சுவரில் படுக்கைவாட்டில் சாய்த்தாலும் தெரிகிற உயரம் வேண்டும், அதாவது தரையிலிருந்து 130 செ.மீ. குனியாமல் செருகலாம், கழற்றலாம். இதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. ஷெட்டில் வண்டி நிற்கும், பெட்ரோல் கேன் இருக்கும். பெட்ரோல் ஆவியும் சமையல் காஸும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் தரையோடு தங்கும். சாக்கெட்டில் பிளக்கை இழுக்கும்போது வரும் சின்னப் பொறி போதும் பற்றிக்கொள்ள. தரையிலிருந்து 45 செ.மீ.க்குக் கீழே சாக்கெட்டோ சுவிட்சோ வைக்காமல் இருப்பது நல்லது. 130இல் வைத்தால் அந்தக் கவலையே இல்லை. தரையடிப் பாயிண்ட் வேண்டும் என்று முடிவெடுத்தால் அந்த ஷெட்டில் வண்டியும் பெட்ரோலும் இருக்கக் கூடாது. உங்கள் நிலையில் கூரைப் பாயிண்ட்தான் என் தேர்வு.

வேலை மேசைக்குப் பின்னால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு இரட்டை சாக்கெட், மேசைப் பரப்பிலிருந்து 20 செ.மீ. மேலே. மேசை 3 மீட்டர் என்றால் மூன்று இரட்டை. இதோடு மேசையின் முன் விளிம்புக்கு அடியில் ஒரு பாயிண்ட் வைத்துப் பாருங்கள். சாண்டர், ரவுட்டர் போன்றவற்றை ஓட்டும்போது சுவரிலிருந்து வரும் ஒயர் வேலைப் பொருளின் மேலே உரசிக்கொண்டே வரும். முன்னாலிருந்து எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. வைஸ் மாட்டிய மூலையில், கிரைண்டர் பொறி பறக்கும் திசையில் மட்டும் எந்தப் பாயிண்ட்டும் வேண்டாம். மற்ற மூன்று சுவரிலும் இரண்டு மீட்டருக்கு ஒரு இரட்டை போதும். கதவுக்கு வெளியே தூசியையும் தண்ணீரையும் தடுக்கும் ஐ.பி. 55 அல்லது 65 தர மூடியுள்ள ஒன்று, கிரைண்டர் வேலையும் கழுவும் வேலையும் அங்கே நடக்கும். பேட்டரி மெஷின்கள் இருந்தால் சார்ஜர்களுக்கு ஒரு தட்டும் அதில் நாலு சாக்கெட்டும் ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் அணைக்கும்படி வையுங்கள்; லித்தியம் பேட்டரியை இரவு முழுக்க மரத்தூளுக்கு நடுவில் சார்ஜில் விடுவது நல்லதல்ல. எண்ணிப் பார்த்தால் மொத்தம் பன்னிரண்டு இரட்டை சாக்கெட் பக்கமாக வரும்.

சுவரை உடைத்துப் பைப் புதைக்க வேண்டாம். வெளியில் தெரியும்படி கன்ட்யூட் பைப் ஓட்டுங்கள். பட்டறை ஒரு இடத்தில் நிற்காது, மெஷின் இடம் மாறும்போது பைப்பை நீட்டிக்கொள்ளலாம். கட்டை இடிக்கும் உயரத்தில் இரும்புப் பைப் போடுங்கள், அதற்கு எர்த் கொடுக்க மறக்காதீர்கள். மரத்தூள் சாக்கெட் ஓட்டைக்குள் போகும் என்பதால் ஷட்டர் உள்ள சாக்கெட், முடிந்தால் மூடியும் உள்ளது வாங்குங்கள். பெட்டிக்குள் வரும் பைப் வாய்களை மேல் பக்கம் விடாமல் கீழிருந்து ஏற்றினால் தூள் குறைவாக இறங்கும்.

பட்டறைகளில் தீ விபத்துக்கு முக்கியமான ஒரு காரணம் லூஸ் கனெக்‌ஷன். சாக்கெட்டுக்குப் பின்னால் ஸ்க்ரூ அரைகுறையாக முடுக்கப்பட்டு, அங்கே 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 13 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 17 வாட் சூடு பிறக்கும். சின்ன சாலிடரிங் அயர்னைச் சுவிட்ச் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தது போல. எம்.சி.பி. விழாது, ஏனென்றால் கரண்ட் அளவுக்குள்தான் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. விழாது, ஏனென்றால் கசிவு இல்லை. முதலில் பிளக் பின் கை வைக்க முடியாதபடி சுடும், அடுத்து ஓட்டையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகும், மீன் நாற்றம் போல ஒரு வாடை வரும். அதற்குள் உள்ளே ஒயரின் தோல் கருகிவிட்டிருக்கும். அதனால் பல இழை ஒயராக இருந்தால் நுனியில் லக் (உலோக முனை) மாட்டியே முடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்துவிட்டு மூடி போடச் சொல்லுங்கள். ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு ஒருமுறை மறுபடி முடுக்கிப் பார்ப்பது நல்லது. அதிர்விலும் சூட்டிலும் சில ஸ்க்ரூ இளகும்.

கரண்ட் போய் வரும் ஊராக இருந்தால் டேபிள் சாவின் சுவிட்சைப் பாருங்கள். கரண்ட் போனபோது ஆன் நிலையிலேயே இருந்து, திரும்பி வந்ததும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும் சுவிட்ச் என்றால் மாற்றுங்கள். கரண்ட் போனால் தானாக ஆஃப் ஆகி, பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் சுவிட்ச் தனியாகக் கிடைக்கிறது. அதோடு கதவுக்குப் பக்கத்தில் மெஷின் சர்க்யூட்கள் அனைத்தையும் ஒரே அடியில் அணைக்கும் ஐசொலேட்டர் ஒன்று, பூட்டுப் போடும் வசதியோடு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் நீங்கள் வெளியே வரும்போது பூட்டிவிட்டு வரலாம், லைட் மட்டும் எரியும்.

நீங்களே செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரைவது, பள்ளம் தோண்டுவது, பைப்பும் பெட்டியும் மாட்டுவது வரை தாராளமாக நீங்கள் செய்யலாம். விதி அனுமதித்தால் ஒயர் இழுப்பதும்கூட. மெயின் போர்டில் இணைப்பது, எர்த், சோதனை மூன்றும் உரிமம் உள்ளவர் கையில் இருக்க வேண்டும். அவரிடம் வேலை முடிந்ததும் கேட்க வேண்டியவை உண்டு. 500 வோல்ட் மெகர் என்ற சோதனைக் கருவியில் இன்சுலேஷன் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள், 1 மெகாஓம்முக்குக் கீழே இருந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். புது ஒயரிங் அதைவிட எத்தனையோ மடங்கு காட்டும். ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த் தொடர்ச்சியையும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் லூப் அளவை, அதாவது ஃபேஸ் எர்த்தில் பட்டால் கரண்ட் சுற்றிவரும் பாதையின் தடையை, எழுதி வாங்குங்கள். சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ 160 ஆம்பியர் பாய வேண்டும் என்பதால் லூப் 1.4 ஓம்முக்குள் இருக்க வேண்டும், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. டி.பி.யின் கதவில் எந்த எம்.சி.பி. எதற்கு என்று எழுதி ஒட்டுங்கள், பள்ளம் மூடுமுன் கேபிள் போகும் வழியை அளவு நாடாவோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஆர்.சி.பி.ஓ.க்களின் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அந்த சர்க்யூட்டை அணைத்துவிட்டு அன்றைக்கே மாற்றுங்கள்.